பொன்னாடை போர்த்திய பொறி

புரட்டாசி 18, ஞாயிறு

அவையோரே, பெரியோரே, தாய்மாரே, என் முன் வாய் மூடி நிற்கும் நான்கு உருளைகளே, உங்கள் முன் ஒரு முறையீட்டை வைக்கிறேன். எங்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். மழை ஓயட்டும் என்கிறார்கள். மருத்துவ அறிக்கை வரட்டும் என்கிறார்கள். வண்டிக்கூடு முடியட்டும், அதன் பிறகு பொறியை ஏற்றலாம் என்கிறார்கள். காத்திருக்கச் சொல்பவன் எவனும் காத்திருப்பவனின் வீட்டில் வந்து ஒரு நாள் தங்கியதில்லை.

இந்த நாட்குறிப்பு என் மனைவி நல்லம்மாள் தந்தது. தரும்போதே எச்சரித்தாள்.

"தேதி போட்டு, சுத்துனீங்களா, கைக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. ஒரே வரி. கூட்டம் போட்டுறாதீங்க."

முப்பதாண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டிப் பொறியியல் கற்பித்தவள் அவள். ஓய்வு பெற்ற மறுநாளே கொல்லைக் கொட்டகையில் இரும்புச் சட்டம் ஒன்றைக் கிடத்தி, தன் கையால் ஒரு மகிழுந்து கட்டத் தொடங்கினாள். இது எட்டாம் ஆண்டு. சட்டம் நிற்கிறது; நான்கு சக்கரங்கள் நிற்கின்றன; கதவு ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. பொறி மட்டும் முழுமை பெற்றுவிட்டது. அவளும் அவள் தம்பி செங்கோடனும் அதைக் கடைசித் திருகுவரை பிரித்து, தேய்ந்ததை எறிந்து, புதியதை இட்டு, மீண்டும் பூட்டினார்கள். செங்கோடன் நாமக்கல் புறவழிச் சாலையில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன்.

கொட்டகை ஒழுகுகிறது. ஆகவே பொறி இன்று வீட்டின் முன்னறைக்கு வந்து சேர்ந்தது. என் கேடயங்கள் இருந்த மேசை வெளியேறியது. சங்கிலியில் தொங்கவிட்டு அதை இறக்கும்போது செங்கோடன் கேட்டான்.

"அக்கா, ஸ்டாண்டுல வெச்சே ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமா?"

"வண்டியில ஏறாம தீ வெக்கக் கூடாதுடா. மொத ஓட்டம் ரோட்டுலதான். நின்ன எடத்துல உறும விட்டா சிலிண்டர்ல புது ரிங்கு படியாது. உனக்கு நான் சொல்லோணுமா?"

"அதுக்கில்லக்கா. கேக்கலாமேன்னுதான்."

அவள் நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குந்தான் கேக்கோணும். ஒருக்கா ஓடற சத்தம் கேட்டுட்டாப் போதும். அதுக்காக முறை தப்ப முடியுமா?"

முறைகள் பின்வருமாறு. கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறன்று, நான்கு உருளைகளின் துளைகளிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட வேண்டும். நீண்ட பிடியுள்ள திருகியை முன்புறக் கப்பியில் மாட்டி இரண்டு சுற்றும் சற்று மேலும் கையால் சுழற்ற வேண்டும். நின்ற இடத்திலேயே மீண்டும் நிற்க விடக் கூடாது. மேலே பழைய பருத்தி விரிப்பு ஒன்று, காற்றுப் போகத் தளர்வாக. அடியில் ஒரு குண்டு விளக்கு, இரவும் பகலும்.

"விளக்கு எதற்கு?" என்றேன்.

"ஈரம் அண்டாதுங்க. என்ஜினும் மனுசன் மாதிரிதான். ஓடாமக் கெடந்தாத்தான் கெட்டுப்போகும்."

அவள் என்ஜின் என்கிறாள். நான் பொறி என்கிறேன். நாற்பதாண்டு இல்லறத்தில் இந்த வழக்கு மட்டும் தீரவில்லை.

புரட்டாசி 25, ஞாயிறு

சுழற்றினேன். கனமாக இருந்தது. வலத்தோளில் வலி. ஒரு வரிதான் கேட்டாள், இது நான்காவது.

புரட்டாசி 29, வியாழன்

சேலத்தில் எழுதுகிறேன். நல்லம்மாளை மருத்துவமனையில் சேர்த்தோம். வயிற்றுக் கட்டி முன்பு இருந்த இடத்தோடு நிற்கவில்லை என்று படம் எடுத்தவர்கள் சொல்கிறார்கள். படம் எடுப்பவர்கள் நிழலைப் பார்ப்பவர்கள். நிழல் எப்போதும் உருவத்தினும் பெரிது.

அவள் படுத்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "லைட்டப் போட்டுட்டுத்தான வந்தீங்க?"

ஐப்பசி 1, ஞாயிறு

துணி எடுக்க வீட்டிற்கு வந்தேன். அடைமழை. முன்னறைச் சுவரில் ஈரம் ஆள் உயரத்திற்கு ஏறி நிற்கிறது. பொறியின் மேல் கிடந்த விரிப்பைக் கண்டேன். கிழிந்த விரிப்பு, ஏழை வீட்டுப் பிணத்தின் மேல் கிடப்பது போல. என் நெஞ்சு பொறுக்கவில்லை. எட்டாண்டு உழைப்பிற்கு இதுவா போர்வை?

நிலைப்பேழையைத் திறந்தேன். நாடெங்கும் மேடைகளில் எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள் மூன்று தட்டுகளில் அடுக்கிக் கிடந்தன. மதுரையில் போர்த்தியது, தஞ்சையில் போர்த்தியது, சிறை மீண்ட நாளில் போர்த்தியது. ஒவ்வொன்றாக எடுத்துப் பொறிக்கு அணிவித்தேன். அதன்மேல், சென்ற மாநாட்டிற்கு அச்சிட்ட பெரிய நெகிழிப் பதாகையைச் சுற்றினேன். 'அனல் நாவர் கதிரொளியன் அழைக்கிறார்' என்ற எழுத்தும் என் உருவமும் வெளிப்புறம் தெரியும்படி இறுக்கிக் கட்டினேன். ஒரு துளி நீர் புகாது. நெகிழி தீப்பற்றும் என்பதால் விளக்கை அணைத்தேன்.

கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அரசர்க்குரிய காட்சி. அவசரத்தில் சுழற்ற மறந்தேன். அடுத்த கிழமை இரட்டிப்பாகச் சுழற்றலாம்.

ஐப்பசி 8, ஞாயிறு

சேலம். சுழற்றியதாகக் கொள்க.

ஐப்பசி 11, புதன்

மருத்துவர் இன்று நல்ல செய்தி சொன்னார். அகவையில் இளையவர், அமைதியாகப் பேசும் பெண்மணி. என்னைத் தனியே அழைத்து உட்காரச் சொன்னார்.

"இனிமே சாப்பாட்டுல கட்டுப்பாடு எதுவும் வேண்டாம்யா. அம்மாவுக்கு என்ன ஆசையோ அதைக் குடுங்க."

"காரம்?"

"குடுங்க. அவங்களுக்கு வேற ஏதாச்சும் ஆசை இருக்குதா? யாரையாச்சும் பாக்கணும், எங்கயாச்சும் போகணும்னு?"

உணவுக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. இது முன்னேற்றமன்றி வேறென்ன? உலாப் போகவும் இசைகிறார்கள் என்று தெரிகிறது. தைக்குள் வண்டி முடிந்துவிடும், கொல்லிமலைக்கு அதிலேயே போவோம் என்று அவரிடம் விளக்கினேன். அவர் எழுதுகோலின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். எதுவும் எழுதவில்லை.

நல்லம்மாளுக்கு மிளகுக் குழம்பு வாங்கி வந்தேன். இரண்டு வாய் உண்டாள்.

"கூட்டம் ஏதாச்சும் கூப்புட்டாங்களா?"

"ஈரோட்டில் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன்."

"போயிட்டு வந்திருக்கலாமுல்ல. இங்க யாருகிட்டப் பேசுவீங்க, பாவம்."

ஐப்பசி 15, ஞாயிறு

சேலம். சுழற்றியதாகக் கொள்க. அவள் இரவெல்லாம் உறங்கவில்லை. நானும்.

ஐப்பசி 22, ஞாயிறு

இன்று வீட்டிற்கு வந்தேன். பதாகையின் அடியை மட்டும் தூக்கி, கப்பியில் திருகியை மாட்டினேன். அழுத்தினேன். அசையவில்லை. இரு கைகளாலும் அழுத்தினேன். பிடியின் மேல் ஏறி நின்றேன். எழுபது அகவையில் ஓர் ஆண்மகன் தன் வீட்டின் முன்னறையில் ஓர் இரும்புக் கம்பியின் மேல் ஏறி நின்றான். அது வளைந்து கொடுத்ததேயன்றிப் பொறி ஒரு மயிரிழையும் திரும்பவில்லை.

பதாகையிலிருந்து என் உருவம் கை உயர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செங்கோடனை அழைக்கவில்லை. பொறிகள் சில நாள் முரண்டு பிடிப்பதுண்டு என்று நினைக்கிறேன். குளிர்தான் வேறென்ன.

ஐப்பசி 23, திங்கள்

நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி எழுதுகிறேன்.

நல்லம்மாள் இன்று தலையணையில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். கைகள் மெலிந்து, வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"நேத்துச் சுத்துனீங்களா?"

"ஆம்" என்றேன். ஒரு செய்தியைச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு மணிநேரம் தேவைப்படும். நேற்றைய செய்திக்கு ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"கைக்கு எப்படி இருந்துச்சு?"

இங்குதான் நிறுத்தியிருக்க வேண்டும். என் நாக்கு நிறுத்தப் பழகாதது. "வெண்ணெய் போல் வழுக்கிச் சென்றது, நல்லம்மா. விரலால் தள்ளினாலே சுற்றும் போலிருந்தது. இரண்டு சுற்று என்ன, இருபது சுற்றும் சுற்றியிருப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பின் சன்னலைப் பார்த்தாள்.

"வெண்ணெ மாதிரி இருக்கக் கூடாதுங்க. ரிங்கு புதுசு. பேரிங்கு புதுசு. கனமாத்தான் இருக்கோணும். மொத வாரம் தோளு வலிக்குதுன்னு நீங்களேதான சொன்னீங்க."

நான் அவள் போர்வையின் சுருக்கத்தை நீவினேன்.

"சுத்தலையா, சுத்த முடியலையா?"

"முடியவில்லை."

"எத்தன வாரமா?"

"நான்கு."

"லைட்டு?"

"அணைத்துவிட்டேன்."

"மேல என்ன போட்டிருக்குறீங்க?"

சொன்னேன். பொன்னாடைகளைச் சொன்னேன், பதாகையைச் சொன்னேன். அவள் உதடு நடுங்கியது. அழுகிறாள் என்று எண்ணினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வலியால் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி வயிற்றைப் பிடித்தாள்.

"சால்வ போத்திப் பழகுன கை. அதுக்குந்தான் ஒரு மரியாத பண்ணிப்போட்டீங்க." சற்று நேரம் கழித்து, "சட்டி மேல மூடி போட்ட மாதிரி ஆயிருக்கும். உள்ள இருந்த ஈரம் வெளிய போக வழியில்ல" என்றாள். பிறகு, "தம்பியக் கூப்புடுங்க. நீங்க தொடாதீங்க. மேல ஏறி மட்டும் நிக்காதீங்க."

ஏறி நின்றதைச் சொல்லவில்லை.

ஐப்பசி 24, செவ்வாய்

செங்கோடன் கத்தியால் கயிற்றை அறுத்தான். பதாகையை உரித்தபோது அதன் உட்புறம் முழுதும் நீர் முத்து முத்தாய் நின்றது. பொன்னாடைகளை ஒவ்வொன்றாய் எடுத்தான். மேலே இருந்தவை ஈரம். கீழே இருந்தவை பிழியலாம். அடியில் கிடந்தது சிறை மீண்ட நாளில் பெற்றது. அதில் செந்துரு வட்ட வட்டமாய்ப் பதிந்திருந்தது.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் திட்டவில்லை. அது கொடிதாக இருந்தது.

மேல்மூடியைக் கழற்றி உருளைகளுக்குள் கைவிளக்கைக் காட்டினான். "மாமா, பாக்கறீங்களா?"

பார்த்தேன். முதலும் நான்காவதும் பளபளத்தன. நடுவில் இருந்த இரண்டிலும் சுவரெல்லாம் பழுப்புத் தேமல்.

"மேல ஏறி நின்னு மிதிச்சீங்களா?"

"இல்லை" என்றேன். பிறகு, "ஆம்."

"ரிங்கு ஒடையாம இருந்தாச் சரி." சட்டைப்பையிலிருந்து பீடியை எடுத்தான், முன்னறை என்று நினைவு வந்து மீண்டும் வைத்தான். "டீசலும் எண்ணெயும் கலந்து ஊத்தி வெக்கறேன். ஊறட்டும். அடிச்சு எடுக்கக் கூடாது. முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம், ஆட்டி ஆட்டித்தான் எடுக்கோணும்."

"எத்தனை நாள் ஆகும் மாப்பிள்ளை?"

"அது எனக்கெப்படித் தெரியும் மாமா?" அப்போதுதான் குரல் உயர்ந்தது. "வண்டி எப்ப ஆகும், அக்கா எப்ப வருவா, எல்லாத்துக்கும் நீங்கதான் தேதி சொல்றீங்க. தை, மாசின்னு. டாக்டரம்மா எங்கிட்டயும் பேசுனாங்க. உங்ககிட்டயும் பேசுனாங்களாமே. நீங்க கொல்லிமல போறதப் பத்திச் சொன்னீங்களாம்."

அவன் கொட்டகைக்குப் போய்விட்டான். அங்கு அவன் வேலை எதுவும் செய்யும் ஓசை வரவில்லை.

நனைந்த பொன்னாடைகளைக் கொடியில் உலர்த்தினேன். மொத்தம் எத்தனை என்று எண்ணவில்லை. தெருவில் போன ஒருவர், "ஐயா, வீட்டுல விசேசங்களா?" என்று கேட்டுச் சென்றார்.

ஐப்பசி 26, வியாழன்

முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். அசையவில்லை. விளக்கு எரிகிறது.

ஐப்பசி 27, வெள்ளி

நண்பகலுக்குச் சற்று முன், செங்கோடன் திருகியை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் கப்பியின் மேல் விரலை வைத்திருந்தேன். விரலடியில் ஏதோ நெகிழ்ந்தது. ஓசை எதுவும் இல்லை. எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது. "மாப்பிள்ளை" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை.

மாலைக்குள் அரைச்சுற்று. விளக்கேற்றும் வேளையில் முழுச்சுற்று. கனமாக, மிகக் கனமாக.

"ரிங்கு ஒடையல. ஆனா நடுவுல ரெண்டுலயும் கோடு விழுந்திருச்சு" என்றான் செங்கோடன். "புகையடிக்கும். எண்ணெ குடிக்கும். ஆனா ஓடும்."

"எவ்வளவு காலம் ஓடும்?"

"ஓடற வரைக்கும் ஓடும் மாமா. நல்லாப் பண்ணோணும்னா மறுபடி பிரிச்சு, சிலிண்டர் சுவரக் கடைஞ்சு போர் அடிச்சு, ரெண்டு மாசம்."

ஐப்பசி 28, சனி

இரண்டு திங்கள் என்ற கணக்கை நல்லம்மாளிடம் எடுத்துச் சென்றேன். பொறியை மீண்டும் பிரித்துச் செப்பனிடுவோம், கார்த்திகையில் கூட்டின் வேலை, மார்கழியில் வண்ணம், தையில் வண்டி என்று அடுக்கினேன். அறையில் இருந்த மற்ற நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும்.

"மேடையில இருந்து எறங்குங்க" என்றாள். "இங்க உக்காருங்க. கட்டில்ல."

உட்கார்ந்தேன்.

"வண்டி ஆகாதுங்க."

"ஆகும்."

"ஆகாது. அது பரவால்ல. எட்டு வருசம் நல்லாத்தான போச்சு." மூச்சு வாங்கினாள். "தம்பிகிட்டச் சொல்லுங்க. மறுபடி பிரிக்க வேண்டாம். லாரிச் சட்டம் ஒண்ணக் கொண்டாந்து வாசல்ல போட்டு, அதுமேல பூட்டச் சொல்லுங்க. நின்ன எடத்துலயே ஓட்டிக்கலாம்."

"முறை தப்பலாமா?"

"நான் வெச்ச முறைதான. நானே மாத்திக்கறேன்."

"புகையடிக்குமாம்."

"அடிக்கட்டும். எனக்குக் கேக்கோணும். அவ்வளவுதான்."

நாற்பதாண்டுகளில் ஆயிரம் மேடைகளில், இனிப் பொறுப்பதற்கில்லை என்று முழங்கியவன் நான். அதை என்னிடம் ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லும்போது எப்படி ஒலிக்கும் என்பதை இன்றுதான் கேட்டேன்.

மருத்துவரிடம் சென்றேன். திங்களன்று தலைமை மருத்துவர் வந்து கையெழுத்திட்டால் வீட்டிற்கு அழைத்துச் செல்லலாம் என்பது இங்குள்ள வழக்கம் என்றார் செவிலியர். நான் மருத்துவரின் முகத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் எனக்கு ஒருமுறை சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. இப்போது மீண்டும் சொல்லுங்கள்."

அவர் சொன்னார். நான்கு வரிகளில் சொன்னார். அவற்றை இங்கு எழுத மாட்டேன்.

"திங்கள்வரை காத்திருக்கலாமா?"

"நான் உங்க இடத்துல இருந்தா இருக்க மாட்டேன்யா." தாளை இழுத்துத் தானே கையெழுத்திட்டார்.

ஐப்பசி 29, ஞாயிறு

முற்றத்தில் எழுதுகிறேன். மழை விட்டிருக்கிறது, வெயில் வெள்ளையாக அடிக்கிறது.

நல்லம்மாள் கட்டிலில் இருக்கிறாள். நோயாளர் ஊர்தியிலிருந்து நான்கு பேர் இறக்கினோம். ஒருவரே போதும் என்னும் அளவிற்குத்தான் எடை இருந்தது. உலர்ந்த பொன்னாடைகளில் மென்மையானதைப் போர்த்தினேன். "இதுக்குத்தான் ஆகும் இது" என்றாள்.

எதிரே, செங்கோடன் இரவோடிரவாகக் கொண்டுவந்து போட்ட லாரிச் சட்டத்தின் மேல் பொறி. தகரப் பீப்பாயில் நீர், அதிலிருந்து குழாய். ஒரு பலகையில் மின்கலமும் கம்பிகளும், ஒரு திறவுகோலும். செங்கோடன் இரண்டு முறை சரிபார்த்துவிட்டான். மூன்றாம் முறை பார்க்கிறான்.

முதல் ஓட்டத்திற்கு முன் எழுதி வைக்க வேண்டும் என்பது அவள் வைத்த முறைகளில் இன்னும் தப்பாமல் இருப்பது. எழுதுகிறேன். எண்ணெய், மேல்கோடுவரை. நீர், நிறைவு. மின்கலம், புதிது. கைச்சுழற்சி, கனம். துரு, இருந்தது, என்னால் வந்தது.

அவையோரே, பெரியோரே, தாய்மாரே. வேலியோரம் வந்து நிற்கும் அண்டை வீட்டாரே. நான் உங்கள் முன் வைத்த முறையீடு பிழையானது. எங்களைக் காத்திருக்கச் சொன்னவர் எவருமில்லை. மருத்துவர் சொல்லவில்லை, மழை சொல்லவில்லை, இந்த இரும்பும் சொல்லவில்லை. காக்கிறேன் என்று எண்ணிப் போர்த்தியவனும் நான், போர்த்தியதன் அடியில் என்ன நிகழ்கிறது என்று பார்க்க மறுத்தவனும் நான். ஆகவே இன்று, இந்த முற்றத்தில், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் கூற விரும்புவது யாதெனில்

அவள் கையைத் தூக்குகிறாள். "என்ன எழுதறீங்க இவ்வளவு நேரமா?"

"முன்குறிப்பு."

"ஒரு வரி போதும்னு சொன்னேன்ல. தம்பி, சாவிய மாமாகிட்டக் குடு."

"ஆரு, மாமாவா திருப்பறது?"

"அவருதான் பூட்டி வெச்சாரு. அவரே தொறக்கட்டும்." என் பக்கம் திரும்புகிறாள். "பேனாவக் கீழ வெய்ங்க. வந்து திருப்புங்க. இப்பவே."